கடைசி இரவில் சாட்சி கிடையாது

எங்கள் முகாமில் கடைசி இரவு நெருப்பு மூட்டுவோம். பாட்டு உண்டு, சுட்ட சோளக்கதிர் உண்டு, பிள்ளைகளே போடும் நாடகம் உண்டு. சாட்சி நேரம் மட்டும் கிடையாது. ஒவ்வொரு மே மாதமும் புதிதாக வருகிற வாலண்டியர் பிள்ளைகளுக்கு இது பெரிய ஏமாற்றம். "ஆன்ட்டி, அதுதானே கேம்ப்போட முக்கியமான நேரம்!" என்பார்கள். அவர்களுக்குச் சொன்ன பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துவிட்டது. எழுதி வைத்துவிட்டால் இனிமேல் லிங்க் அனுப்பிவிட்டு நான் மருந்து டப்பாவை எடுத்து வைக்கப் போகலாம் என்றுதான் இந்தப் பதிவு.

சபைக்கு வெளியே இருந்து படிப்பவர்களுக்காக: நம் ஊர்க் கிறிஸ்தவ வாலிபர் முகாம்களில் கடைசி இரவுக்கு ஒரு வழக்கமான நடைமுறை உண்டு. விளக்கை அணைத்து, கீபோர்டை மெதுவாக வாசிக்கவிட்டு, செய்தியாளர் அழைப்புக் கொடுப்பார். ஒவ்வொருவராக எழுந்து தான் எப்படி இருந்தேன், ஆண்டவர் எப்படி மாற்றினார் என்று அழுதுகொண்டே சொல்வார்கள். அதைத்தான் சாட்சி என்கிறோம். நானும் அந்த வழியில் வந்தவள்தான். பாளையங்கோட்டைப் பக்கம் பிறந்து வளர்ந்த சி.எஸ்.ஐ. வீட்டுப் பெண்ணுக்கு இதெல்லாம் புதிது இல்லை. நல்ல வீட்டிலிருந்து வந்து, முகாம் முடிந்ததும் அதே வீட்டுக்குத் திரும்பிப் போகிற பிள்ளைக்கு அதனால் பெரிய கெடுதல் இல்லை. எங்களிடம் வருகிற பிள்ளைகள் வேறு.

நான் ஊழியக்காரி அல்ல. ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் முகாம், கொடைக்கானல் மலையில் பெருமாள்மலைக்குப் பக்கத்தில் ஒரு சபையின் ஓய்வு இல்லத்தில் நடக்கிறது. தென் மாவட்டங்களில் உள்ள குழந்தைகள் இல்லங்களிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். ஒரு வாரம் பெண் பிள்ளைகள், அடுத்த வாரம் பையன்கள். அடிபட்டவர்கள், பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள், குழந்தைத் திருமணத்திலிருந்து மீட்கப்பட்டவர்கள், வீட்டைவிட்டு ஓடி ரயில்வே ஸ்டேஷனில் பிடிபட்டவர்கள், சின்னத் திருட்டு, கஞ்சா என்று கேஸில் மாட்டியவர்கள் எல்லாரும் கலந்து இருப்பார்கள். மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் அனுமதிக் கடிதம் இல்லாமல் ஒரு பிள்ளையையும் வேனில் ஏற்றுவதில்லை. வேனை ஓட்டுகிறவர் எங்க வீட்டுக்காரர். அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் இருந்தவர். வத்தலக்குண்டு தாண்டியதும் பிள்ளைகள் வாந்தி எடுக்க ஆரம்பிப்பார்கள், அவர் ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு ஜோக் சொல்வார். ஜோக்கினால்தான் வாந்தி வருகிறது என்பது என் கருத்து.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இதில் எந்தப் பிள்ளையின் கதையையும் எழுதப்போவதில்லை. ஊரை மாற்றி, பெயரை மாற்றி எழுதினாலும் அந்தப் பிள்ளைக்குத் தெரியும், அது தன் கதை என்று. பெரியவர்கள் செய்வதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

துன்பப்பட்ட பிள்ளைகளை மலைக்குக் கூட்டிப்போவது எங்கள் பக்கத்தில் புது வழக்கம் இல்லை. தோனாவூர் மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1901-ல் கோவிலுக்கு விடப்பட்ட ஒரு சிறுமிக்கு அடைக்கலம் கொடுத்ததில் தொடங்கி, பிறகு நூற்றுக்கணக்கான பிள்ளைகளை வளர்த்தார். 1917-ல் மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுக்குள் ஓர் இடம் வாங்கி, வெயில் காலத்தில் பிள்ளைகள் போய் ஓடையில் குளித்து விளையாட ஒரு காட்டு வீடு கட்டினார்கள். அவருடைய புத்தகங்களில் பிள்ளைகளின் படங்களும் வந்தன. அப்போது அதை யாரும் தப்பாக நினைக்கவில்லை. அந்தக் காட்டு வீட்டை நாம் எடுத்துக்கொள்ளலாம், படங்களை விட்டுவிடலாம்.

சரி, முகாமுக்கு வருகிறேன்.

முதல் நாள் என் வேலை முழுக்க மருந்தும் படுக்கையும்தான். யாருக்கு வலிப்பு மாத்திரை, யாருக்கு ஆஸ்துமா பஃப், யார் தலையில் பேன், யார் கைவிரல் இடுக்கில் சொறி என்று பார்த்துக் குறித்துக்கொள்வேன். முழங்கை மறைகிற சட்டையை வெயிலிலும் கழற்றாத பிள்ளை இருந்தால் குறிப்பில் ஒரு சின்னப் புள்ளி வைப்பேன். அன்றைக்கே கேட்கமாட்டேன். மூன்றாம் நாள் வாக்கில் அவளாகவே "நர்சம்மா, ஒரு பிளாஸ்திரி" என்று வருவாள். அப்போதும் ஏன் வெட்டிக்கொண்டாய் என்ற கேள்வி கிடையாது. காயத்தைக் கழுவி, மருந்து போட்டு, நாளைக்கும் வந்து கட்டு மாற்றிக்கொள் என்பேன். இல்லத்தின் கவுன்சிலருக்குச் சொல்லவேண்டும் என்பதையும் அவளிடமே சொல்லிவிட்டுத்தான் சொல்வேன்.

படுக்கை நனைப்பது பத்து வயதில் மட்டும் இல்லை, பதினைந்திலும் உண்டு. அதனால் எல்லா மெத்தைக்கும் கீழே ரப்பர் ஷீட். தேவைப்படுகிற மெத்தைக்கு மட்டும் போட்டால் யாருக்கு என்று ஊருக்கே தெரிந்துவிடும். காலை நாலரைக்கு நானும் இன்னொரு அக்காவும் டார்ச்சை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு ஒரு சுற்று வருவோம். நனைந்த விரிப்பை உருவி, காய்ந்ததைப் போட்டு, பிள்ளைக்கு மாற்று உடை கொடுத்து, ஐந்தரைக்கு மணி அடிப்பதற்குள் எல்லாம் துவைக்கிற வாளிக்குள் போயிருக்கும். மலைக் குளிரில் அந்த விரிப்புகளைக் காயவைப்பது தனிப் பாடு. சமையல்கட்டு அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காயப்போட்டு, சமையல்கார அண்ணனிடம் வாங்கிக் கட்டிக்கொள்வேன்.

அந்த அண்ணனைப் பற்றிச் சொல்லவேண்டும். செய்தியாளர்களைவிட அவர் இந்த முகாமுக்கு முக்கியம் என்று கமிட்டியிலேயே சொல்லியிருக்கிறேன், போதகர் ஐயாவுக்கு அது பிடிக்கவில்லை. சாப்பாடு கிடைக்குமா கிடைக்காதா என்று தெரியாமல் வளர்ந்த பிள்ளை, கிடைத்ததை ஒளித்துவைக்கும். தலையணை உறைக்குள் பன், பைக்குள் இட்லி, சாக்ஸுக்குள் அவித்த முட்டை. முதல் தடவை கண்டுபிடித்த ஒரு வாலண்டியர் தம்பி, "திருடுறாங்க ஆன்ட்டி" என்று ஓடிவந்தான். தன் பங்கை எடுத்துவைத்தால் திருட்டா? ஆனால் எலி வந்துவிட்டது, வாட்ச்மேன் கத்த ஆரம்பித்தார். சமையல்கார அண்ணன் யோசித்து, ஒவ்வொரு அறைக்கும் மூடி போட்ட பெரிய அலுமினிய டப்பா ஒன்று வாங்கிவந்தார். அதில் பன், வாழைப்பழம், கடலைமிட்டாய். எப்போது வேண்டுமானாலும் யாரும் எடுக்கலாம், கேட்கவேண்டாம். ராத்திரி ஒன்பதுக்கும் காலை ஆறுக்கும் அவரே வந்து நிரப்புவார். முதல் இரண்டு நாள் டப்பா அரைமணியில் காலி. வாரத்தின் நடுவில் பாதி மிச்சமிருக்கும். கடைசி நாளில் வாழைப்பழம் கறுத்துப்போகிற அளவுக்கு யாரும் சீண்டமாட்டார்கள். முகாம் நல்லபடி நடக்கிறதா என்று கேட்டால் அந்த டப்பாவைத் திறந்து பார்த்துத்தான் நான் சொல்வேன்.

ராத்திரிதான் கஷ்டம். விளக்கை அணைத்து ஒரு மணி நேரத்தில் வயிற்றுவலிக்காரர்கள் வர ஆரம்பிப்பார்கள். தொட்டுப் பார்த்து, காய்ச்சல் பார்த்து, மாதவிலக்கா, மலச்சிக்கலா, வேறேதுமா என்று பார்ப்பேன். அப்பெண்டிக்ஸை மனவருத்தம் என்று நினைத்துவிடக்கூடாது, அது நர்ஸ் புத்தி. பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. சீரகத் தண்ணீர் ஒரு டம்ளர் கொடுத்து பெஞ்சில் உட்காரவைத்தால், குடித்து முடிக்க முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்வார்கள். நான் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருப்பேன். பேசினால் பேசுவேன். கதவுக்குப் பக்கத்தில்தான் படுப்பேன் என்று அடம்பிடிக்கும் பிள்ளைகள் உண்டு, செருப்பைப் போட்டுக்கொண்டே தூங்கும் பிள்ளைகள் உண்டு. வராந்தா விளக்கை முழு ராத்திரியும் எரியவிடுகிறோம். கரண்ட் பில்லைப் பற்றி ஓய்வு இல்லத்தார் வருஷா வருஷம் முணுமுணுப்பார்கள்.

ஒருமுறை ஆராதனை நடந்துகொண்டிருந்தபோது ஒரு பெண் விழுந்து கைகால் உதறிக்கொண்டு அலறினாள். வந்திருந்த பிரசங்கியார் மைக்கை எடுத்துக்கொண்டு பிசாசைக் கடிந்துகொள்ளத் தொடங்கிவிட்டார். நாலு பேர் அவளை அமுக்கிப் பிடித்தார்கள். பழைய பயம் உடம்பில் ஏறி அலறுகிற பிள்ளையை நாலு பெரியவர்கள் அமுக்கிப் பிடித்தால் அவளுக்கு அது எதைப் போல இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நான் போய்க் கூட்டத்தை விலக்கி, மைக்கை அணைக்கச் சொல்லி, வலிப்பா என்று முதலில் பார்த்து, பிறகு அவள் எதிரே தரையில் உட்கார்ந்து, "பெருமாள்மலைல இருக்கோம், சாயங்காலம் ஆச்சு, அண்ணன் சமையல்கட்டுல பஜ்ஜி போடறாரு, வாசம் வருதா?" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் "வாழக்கா பஜ்ஜியா?" என்று கேட்டாள். அந்தப் பிரசங்கியாரை அதற்குப் பிறகு அழைக்கவில்லை. எனக்கு விசுவாசக் குறைவு என்று அவர் வெளியே சொல்வதாகக் கேள்வி. இருக்கட்டும்.

அதிலிருந்து வந்தவைதான் எங்கள் சில பழக்கங்கள். தலையில் கைவைத்து ஜெபிப்பது கிடையாது. கேட்டால் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபிக்கலாம், கை தன் மடியில் இருக்கவேண்டும். ஜெபத்தில் கண்ணை மூடச் சொல்வதில்லை. ஒரு அறை நிறைய ஆட்கள் இருக்கும்போது கண்ணை மூடு என்றால், சில பிள்ளைகளுக்கு வேர்த்துவிடும். பரலோகப் பிதா என்று சொல்லத்தான் செய்கிறோம், கர்த்தருடைய ஜெபத்தை மாற்றமுடியாது. ஆனால் "உங்க அப்பா உங்கள எப்படி நேசிக்கிறாரோ அப்படி" என்று செய்தியை ஆரம்பிக்கிறவரை முதல் வரியிலேயே நிறுத்திவிடுவேன். அந்த அறையில் அப்பாவால்தான் அங்கே வந்து சேர்ந்தவர்கள் எத்தனையோ பேர்.

இப்போது சாட்சி விஷயம்.

எங்களிடம் வருகிற ஒரு பெண் பிள்ளை தனக்கு நடந்ததை ஏற்கெனவே எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள் தெரியுமா? டீச்சரிடம், போலீஸிடம், டாக்டரிடம், மாஜிஸ்திரேட்டிடம், குழந்தைகள் நலக் குழுவிடம், இல்லத்தின் கவுன்சிலரிடம், பிறகு போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் சட்டம்) நீதிமன்றத்தில். ஒவ்வொரு தடவையும் கேட்டவர்கள் எழுதிக்கொண்டார்கள். அவள் மலைக்கு வருவது அதைச் சொல்லாமல் நாலு நாள் இருக்கத்தான். அங்கேயும் நெருப்பைச் சுற்றி உட்காரவைத்து, நூறு கண்களுக்கு முன்னால் சொல் என்றால் எப்படி? "விருப்பப்பட்டவங்க மட்டும்தான் ஆன்ட்டி" என்பார்கள். இந்தப் பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் முகத்தைப் படிக்கத் தெரியும். பெரியவருக்கு என்ன வேண்டும் என்று கண்டுபிடித்து, அடி விழுவதற்கு முன்னால் அதைக் கொடுத்துவிட்டுத்தான் இதுவரை தப்பித்திருக்கிறார்கள். முன்வரிசையில் உட்கார்ந்து அண்ணனும் அக்காவும் கண்ணீரோடு எதிர்பார்த்துக்கொண்டிருந்தால், விருப்பம் எங்கிருந்து வந்தது என்று யார் சொல்வது?

இதே காரணத்தால், இயேசுவை ஏற்றுக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுக்கிற தீர்மான அட்டையும் கொடுப்பதில்லை. இயேசுவை ஏற்றுக்கொண்டவர்கள் கையைத் தூக்குங்கள் என்றால் எல்லாக் கையும் போகும். இன்னொருவர் வந்து வேறு எதையாவது சொன்னாலும் இதே கைகள் போகும். நிறையப் பிள்ளைகள் இந்துக் குடும்பத்துப் பிள்ளைகள். வேதத்திலிருந்து கதை சொல்கிறோம், பாடுகிறோம், எங்கள் நம்பிக்கையை மறைப்பதில்லை. வேண்டாம் என்கிற பிள்ளைக்கு அந்த நேரத்தில் கேரம் போர்டு உண்டு. எங்க வீட்டுக்காரர்தான் அங்கே பொறுப்பு. சில நாள் வேதபாடத்தைவிட அங்கே கூட்டம் அதிகம், அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

சாட்சி நேரத்தை விரும்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், காணிக்கை தருகிறவர்கள். வீடியோ வேண்டும் என்பார்கள். முகத்தை மங்கலாக்கிவிடலாம் என்பார்கள். போக்சோ சட்டத்தின் 23-வது பிரிவும் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவும் இப்படிப்பட்ட பிள்ளையை அடையாளம் காட்டுகிற எதையும் வெளியிடக்கூடாது என்கின்றன. முகத்தை மங்கலாக்கினால் குரல் இருக்கிறது, இல்லத்தின் சீருடை இருக்கிறது, ஊர்ப் பேச்சு இருக்கிறது. வாலண்டியர்களின் போன்களை முதல் நாளே வாங்கிப் பீரோவில் வைத்துவிடுகிறோம். நன்கொடையாளர்களுக்கு வரவுசெலவுக் கணக்கும் சமையல்கட்டுப் படமும் அனுப்புகிறோம். படத்தில் அண்ணன் கரண்டியோடு போஸ் கொடுத்திருப்பார். சிலர் அதற்குப் பிறகு பணம் அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள்.

சாட்சி வேண்டாம் என்றால், பிள்ளை பேசவே கூடாதா என்று ஒரு தம்பி கேட்டான். நல்ல கேள்வி. பேசும். பாத்திரம் கழுவும்போது, பேன் எடுக்கும்போது, சீரகத் தண்ணீர் குடிக்கும்போது, நாம் எதிர்பார்க்காத நேரத்தில் பேசும். சில சமயம் இதுவரை யாருக்கும் தெரியாத ஒன்றைச் சொல்லும். அப்போது என்ன செய்யவேண்டும் என்பதற்கு முகாமுக்கு முன் ஒரு முழு நாள் பயிற்சி வைக்கிறோம். "யாருகிட்டயும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதே. துருவிக் கேட்காதே, விசாரணை உன் வேலை இல்லை. அவள் சொன்ன வார்த்தைகளையே தேதி, நேரம் போட்டு நோட்டில் எழுது, உன் வார்த்தையில் மாற்றாதே. சொன்னதற்கு அவளை நம்புகிறேன் என்று சொல், தப்பு உன் மேல் இல்லை என்று சொல். அப்புறம் நேராக முகாம் பொறுப்பாளரிடம் வா.

போக்சோ சட்டம் 2012-ல் வந்தது. அதன் 19-வது பிரிவுப்படி, ஒரு குழந்தைக்குப் பாலியல் குற்றம் நடந்தது என்று தெரிந்தாலோ, நடக்கக்கூடும் என்று அஞ்சினாலோ, யாராக இருந்தாலும் போலீஸுக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். போதகருக்கு விலக்கு இல்லை, நர்ஸுக்கு இல்லை, ரகசியமாகச் சொன்னாள் என்பதும் காரணமாகாது. தெரிவிக்காவிட்டால் ஆறு மாதம் வரை சிறை, ஒரு நிறுவனத்தின் தலைவராக இருந்து தனக்குக் கீழே உள்ளவர் செய்ததை மறைத்தால் ஒரு வருடம் வரை. நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர்மேல் வழக்குப் போடமுடியாது. குழந்தைகளுக்கான உதவி எண் 1098-க்கு அழைத்தாலும் வழி கிடைக்கும். வாக்குமூலம் வாங்க வருகிற போலீஸ் சீருடையில் வரக்கூடாது, முடிந்தவரை பெண் சப்-இன்ஸ்பெக்டராக இருக்கவேண்டும், குழந்தை இருக்கிற இடத்துக்கோ அது விரும்புகிற இடத்துக்கோ அவர்கள் வரவேண்டும், இரவில் குழந்தையை ஸ்டேஷனில் வைக்கக்கூடாது. இவ்வளவும் 24-வது பிரிவில் இருக்கிறது. எங்களிடம் சுடிதாரில் வந்த ஒரு எஸ்.ஐ. அம்மா, கேட்கவேண்டியதைக் கேட்டு முடித்துவிட்டு, போகும்போது அந்தப் பிள்ளையோடு இரண்டு ஆட்டம் கேரம் விளையாடிவிட்டுப் போனார்.

இதற்கு விலை உண்டு. நாங்கள் ஒரு விஷயத்தைத் தெரிவித்த பிறகு, ஒரு இல்லம் அடுத்த வருஷத்திலிருந்து பிள்ளைகளை அனுப்புவதை நிறுத்திவிட்டது. சபைக்குள் சிலர் எங்களோடு பேசவில்லை. "முதல்ல நம்ம சபைக்குள்ள பேசி முடிச்சிருக்கலாம், சிஸ்டர். கர்த்தருடைய நாமம் தூஷிக்கப்படாதா?" என்று ஒரு மூப்பர் வீட்டுக்கே வந்து கேட்டார். காப்பி கொடுத்து அனுப்பினேன்.

சபைக்குள் பேசி முடிப்பது என்றால் என்ன என்று பெரிய பெண் பிள்ளைகளுக்கு நாங்கள் ஒரு வேதபாடம் எடுக்கிறோம். 2 சாமுவேல் 13-ம் அதிகாரம், தாமார். ஞாயிறு ஆராதனையில் இந்தப் பகுதியில் பிரசங்கம் கேட்ட ஞாபகம் எனக்கு இல்லை. அண்ணன் முறையான அம்னோன் அவளைக் கெடுக்கிறான். கூடப்பிறந்த அண்ணன் அப்சலோம் அவளிடம், பேசாமல் இரு, அவன் உன் சகோதரன், மனதில் வைத்துக்கொள்ளாதே என்கிறான். அப்பா தாவீது ராஜாவுக்குக் கோபம் வருகிறது. கோபத்தோடு சரி, ஒன்றும் செய்யவில்லை. தாமார் அண்ணன் வீட்டில் தனித்துக் கிடக்கிறாள். இந்தக் கதையை வாசித்ததும் முதலில் யாரும் பேசமாட்டார்கள். அப்புறம் ஒருத்தி, "இதெல்லாம் பைபிள்ல இருக்கா?" என்பாள். தாமார் சாம்பலைத் தலையில் போட்டுக்கொண்டு, ஆடையைக் கிழித்துக்கொண்டு, சத்தமிட்டு அழுதுகொண்டே போனாள் என்பதைத்தான் அவர்கள் பிடித்துக்கொள்வார்கள். அவள் மறைக்கவில்லை, சுற்றியிருந்த ஆண்கள்தான் மறைத்தார்கள் என்று அவர்களாகவே சொல்வார்கள். நாங்கள் பெரிதாக விளக்குவதில்லை.

மன்னித்துவிடு என்ற பாடத்தை இந்த முகாமில் எடுப்பதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மன்னிப்பைப் பற்றி எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது, சித்தப்பாவின் வக்கீலும் பாட்டியும் தினமும் இல்லத்துக்குப் போன் செய்து "மன்னிச்சிரு, குடும்ப மானம்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது, மேடையிலிருந்து நாமும் அதையே சொன்னால் பிள்ளை காதில் அது ஆண்டவர் குரலாக விழாது, பாட்டி குரலாகத்தான் விழும்.

கிறிஸ்தவ முகாம் என்றாலே பாதுகாப்பான இடம் என்று நினைக்கிறவர்களுக்கு ஜான் ஸ்மித் கதையைச் சொல்வேன். இங்கிலாந்தில் பெரிய வக்கீல். பணக்காரப் பள்ளி மாணவர்களுக்கான ஐவர்ன் முகாம்களில் தலைவராக இருந்தவர். பையன்களிடம் அன்பாகப் பேசி, அவர்களுடைய பாவங்களை அறிக்கையிட வைத்து, அதற்குத் தண்டனை என்று தன் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையில் ரத்தம் வரப் பிரம்பால் அடித்தார். 1982-லேயே முகாம் நடத்தியவர்களுக்கு உள்ளறிக்கை கிடைத்துவிட்டது. போலீஸுக்குப் போகவில்லை. அவர் ஜிம்பாப்வேக்குப் போய் அங்கேயும் முகாம் நடத்தினார். 1992-ல் அந்த முகாமில் 16 வயதுப் பையன் ஒருவன் நீச்சல்குளத்தில் இறந்துகிடந்தான். ஸ்மித் 2018-ல் தென்னாப்பிரிக்காவில் எந்தத் தண்டனையும் பெறாமல் இறந்தார். 2024 நவம்பரில் இங்கிலாந்துத் திருச்சபைக்காக மேக்கின் என்பவர் நடத்திய விசாரணையின் அறிக்கை வெளியானது, நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டதாக அது சொன்னது. சில நாட்களில், அந்தத் திருச்சபையின் தலைமைப் பொறுப்பில் அப்போது இருந்த கேன்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பி பதவி விலகுவதாக அறிவித்தார். பாவ அறிக்கையும் கண்ணீரும் ஒரு தலைவரின் கையில் எப்படிக் கயிறாக மாறும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் எனக்குத் தேவைப்படவில்லை. அதனால் எங்கள் முகாமில் எவ்வளவு பெரிய ஊழியக்காரராக இருந்தாலும் ஒரு பிள்ளையோடு கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் பேசமுடியாது. வெளியே வராந்தா பெஞ்சில், எல்லார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி பேசலாம். எனக்கும் அதே சட்டம்தான். மருந்து கொடுக்கும் அறையின் கதவைக் கழற்றித் திரைதான் போட்டிருக்கிறோம்.

பையன்கள் வாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்களுக்கு ஆட்கள் கிடைப்பதே கஷ்டம். பையன்கள் என்றால் ரவுடிப் பயல்கள், அடிக்கத்தான் வேண்டும் என்று நினைக்கிறார்கள். மத்திய அரசு 2007-ல் வெளியிட்ட ஆய்வு 13 மாநிலங்களில் 12,447 பிள்ளைகளிடம் கேட்டது. ஏதோ ஒரு வகைப் பாலியல் கொடுமையைச் சந்தித்ததாகச் சொன்னவர்கள் 53.22 சதவீதம், அவர்களில் பாதிக்கு மேல் பையன்கள். அவர்களுக்கு அழத் தெரியாது, கண்ணாடியை உடைக்கத் தெரியும். போன வருஷம் உடைந்த ஜன்னல்களுக்கு எங்க வீட்டுக்காரர்தான் புட்டி பூசினார், உடைத்தவர்களையே கூட வைத்துக்கொண்டு.

கடைசி இரவுக்கு முந்தின நாள் எல்லாருக்கும் சேர்த்துப் பிறந்தநாள். இது எங்கள் யோசனை இல்லை. அமெரிக்காவில், கலிபோர்னியாவில் 1985-ல் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காகத் தொடங்கிய ராயல் ஃபேமிலி கிட்ஸ் முகாம்களில் இப்படிச் செய்கிறார்கள். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு ஆதாரில் ஜூன் மாதத் தேதி இருக்கும், பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்டது. உண்மைத் தேதியைச் சொல்ல ஆள் இல்லை. ஆகவே அன்றைக்கு எல்லாருக்கும் பிறந்தநாள். ஆளுக்கொரு சின்னக் கேக், பெயர் எழுதியது. பெரிய கேக்கை வெட்டிப் பங்குவைத்தால் போதாதா, செலவு குறையுமே என்று பொருளாளர் கேட்பார். போதாது. பெயரை ஊதா நிறத்தில்தான் எழுதவேண்டும் என்று ஒரு பையன் முந்தின நாள் வந்து பேக்கரிக்காரரிடம் பேரம் பேசுவதைப் பார்த்திருந்தால் கேட்கமாட்டார்.

முகாம் முடிகிற அன்று வாலண்டியர்கள் அழுவார்கள். "நான் உன்னை வந்து பாக்குறேன், போன் பண்றேன்" என்று வாய் தவறி வந்துவிடும். அதை வாயில் வரவிடாதே என்று காலையிலேயே எச்சரிப்பேன். நீ காலேஜ் போய்விடுவாய், செமஸ்டர் வரும், மறந்துவிடுவாய். அவள் ஞாயிற்றுக்கிழமைதோறும் கேட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மாதம் ஒரு கடிதம், இல்லத்தின் முகவரிக்கு, பொறுப்பாளர் வழியாக. எழுதமுடியும் என்றால் பெயரைக் கொடு. முடியாது என்றால் இப்போதே சொல், யாரும் தப்பாக நினைக்கமாட்டோம்.

வருகிற மே மாதத்துக்குப் பெயர் கொடுக்க விரும்புகிறவர்களுக்கு: போலீஸ் நன்னடத்தைச் சான்றிதழும், உங்களை நன்றாகத் தெரிந்த இரண்டு பேரின் கடிதமும் வேண்டும். அந்த இருவரையும் நான் போனில் கூப்பிடுவேன், கூச்சப்படாமல் கேள்வி கேட்பேன். கிட்டார் வாசிக்கிறவர்கள் ஏற்கெனவே நாலு பேர் இருக்கிறார்கள். ராத்திரி முறை வைத்து விழித்திருக்கவும், நாலரை மணிக்கு விரிப்பு மாற்றவும்தான் ஆள் போதவில்லை. பையன்கள் வாரத்துக்கு ஒரு ஆண் நர்ஸ் கிடைத்தால் ரொம்ப உதவி. பொருளாகத் தருவதானால் பழைய துணி வேண்டாம், தயவுசெய்து. ரப்பர் ஷீட், புதுத் துண்டு, அளவு பார்த்து வாங்கிய உள்ளாடை, சானிட்டரி நாப்கின். அப்புறம் சமையல்கார அண்ணன் சொல்லச் சொன்னார், பன் டப்பா ஒன்று மூடி நெளிந்துவிட்டதாம், எலி மறுபடியும் வந்திருக்கிறதாம்.